வேலியோரத்துக் காப்பி வண்டு

வண்டு கடுகளவுகூட இல்லை. கறுப்பு. காப்பிக் காயின் நுனியில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை இருந்தால் அது உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அப்பா ஒரு காயைப் பிளந்தார். கொட்டைக்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. தொண்ணூறுகளின் நடுவில், வால்பாறைக்குப் போகும் மலைச்சரிவில், அந்தத் தோட்டத்தை விட்டால் எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது.

பறிப்பு முடிந்ததும் செடியிலும் தரையிலும் ஒரு காய்கூட இருக்கக் கூடாது, பொறுக்கியதைக் கொதிநீரில் போட வேண்டும் என்று பூச்சி பார்க்க வந்த அரசு அலுவலர் சொல்லிப் போனார். மிஞ்சிய காயில்தான் வண்டு அடுத்த காய்ப்பு வரை உயிரோடிருக்கும். அம்மா நெல் அவிக்கும் அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். வேலிக்கு அந்தப் பக்கம், பெரியப்பாவின் செடிகளில் கடைசிக் காய்கள் கறுத்துத் தொங்கின. பாகம் பிரித்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. அப்பா வேலியோரம் போய் நின்றார்.

“ஏனுங்ணா, அந்த மிச்சக் காய உருவிப்போடச் சொல்லுங்க. பூச்சி இங்க வருது.”

“பாகத்துல நல்ல பக்கமாப் பாத்து வாங்கிட்டீங்க. பூச்சியும் நல்ல பக்கந்தானுங்க தேடும்.”

தம்பியைப் பெரியப்பா அதுவரை ‘நீ’ என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

அப்பா திரும்பி வந்து, இன்னும் அவிக்காத மூட்டையைத் தூக்கிப்போய் வேலிக்கு மேலாகக் கொட்டினார்.

“அவிங்க பூச்சி அவிங்களுக்கே போகட்டும்.”

“பூச்சிக்குப் பத்திரம் படிக்கத் தெரியுமுங்களா?” என்றாள் அம்மா.

கோடை மழைக்குப் பூத்த செடிகளில் காய் திரண்டதும் துளைகள் தென்பட்டன. முதலில் வேலியோர வரிசையில், எங்கள் பக்கம். பெரியப்பா அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

“நீங்க அனுப்புன சீர் வந்து சேந்துதுங்க. திருப்பிச் செய்யாம இருந்தா நல்லா இருக்குமுங்களா?”

அடுத்த பறிப்புக்குப் பொள்ளாச்சி வியாபாரி வந்தார். கொட்டையை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். மூட்டையின் வாயைத் திரும்பக் கட்டினார்.

“வேண்டாமுங்க. பாதி பொடியாப் போயிருக்குது.”

அப்பா கெஞ்சவில்லை. “அண்ணன் சரக்க எடுத்துக்கிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லீங்க. அது இதவிட மோசம்.”

“சரிங்க,” என்ற அப்பா, வியாபாரிக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். அம்மா எழுந்திருக்கவில்லை.