நாத்தனார் முடிச்சு

எனக்குக் கோபம் அதிகம். இதை நானே முந்திச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நாகர்கோவிலில் பிறந்து பகவதிப்பெருமாளுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த மலையாள ஊருக்கு வந்தவள் நான். அவர் சாலைக் கம்போளத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொள்வேன். ஆனால் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. என் மகள் முத்தாரம்மாளைப் பற்றி. மாமியார் பெயரை வைத்தோம், முத்து என்று கூப்பிடுவோம். இப்போது முப்பத்திரண்டு வயது.

முத்துவுக்குப் பதினொரு வயதில் விரல் நுனியில் வெள்ளை தெரிந்தது. கோலமாவு என்று நினைத்து நான் தேய்த்துக் கழுவினேன். போகவில்லை. ஒரு வருஷத்தில் பத்து விரலிலும் ஏறி, புறங்கைக்கு வந்து, உதட்டோரத்திலும் ஒரு பொட்டு வைத்தது. "வெண்புள்ளிதான். ஒட்டாது, வலிக்காது, உயிருக்கு ஒண்ணும் செய்யாது" என்றார் டாக்டர். அவர் சொன்னது சரிதான். செய்ததெல்லாம் மனிதர்கள்.

வெள்ளைப்பாண்டு என்பார்கள் இங்கே. என்னவோ பெரிய தீட்டு மாதிரி குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் தொட்ட நோட்டை ஒருத்தி காகிதம் சுற்றி வாங்கினாள். சொந்தக்காரி ஒருத்தி காப்பி கொடுத்த டம்ளரை, நாங்கள் வாசல் தாண்டும் முன்னே குப்பைத்தொட்டியில் போட்டாள். எவர்சில்வர் டம்ளர்! பெண் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா நாலு உளுந்தவடை தின்று கையைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு நல்லாத்தான் இருக்கா, கைதான்..." என்று இழுத்தாள்.

கைதான் என்றால்? அந்தக் கை சுட்ட வடையைத்தானே தின்றாய், சவமே! நான் அதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் அன்று இரவு சாப்பிடவில்லை. போகட்டும், பசித்தால் சாப்பிடுவார்.

இப்படி ஊரோடு சண்டை போட்டேனே தவிர, வீட்டுக்குள் நான் செய்தது வேறு. தோல் நிறத்தில் ஒரு பசை வரும், விலை கூடின சாமான். காலையில் குளித்ததும் அவள் கையிலும் உதட்டோரத்திலும் நானே தடவிவிடுவேன். தாங்க முடியாத இந்தப் புழுக்கத்தில் மணிக்கட்டு வரை மூடுகிற சுடிதார் தைத்துக் கொடுத்தேன். நாக்குத் தைரியம் எல்லாம் ஊருக்குத்தான். மகள் கையை மூடி வைப்பதுதான் அவளைக் காப்பாற்றுவது என்று நம்பினேன். அவளும் இருபத்து நாலு வயது வரை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

பட்டப்படிப்பு முடித்துக் கரமனைப் பக்கம் ஒரு ஆன்லைன் சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பென்ஷன் மஸ்டரிங், எல்லாம் அங்கேதான். மஸ்டரிங் என்றால், பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் விரலை மெஷினில் வைத்துக் காட்ட வேண்டும். அறுபது வருஷம் பாத்திரம் தேய்த்தவளுக்கும் மூட்டை தூக்கினவனுக்கும் ரேகை எங்கே இருக்கும்? தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிடும். மெஷின் எடுக்காது. அவர்கள் கையை ஒருவர் பிடித்து, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, பிறகு நிதானமாக அழுத்த வேண்டும். அந்த வேலை முத்துவுக்கு வந்தது.

ஒரு நாள் காலையிலிருந்து எட்டுப் பேருக்கு மெஷின் எடுக்கவில்லை. வரிசை படி இறங்கித் தெரு வரை நின்றது. கிழவிகள் வெயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். மெஷின் கெட்டுவிட்டது என்று முதலாளி கத்தினார். முத்து குனிந்து மெஷினில் விரல் வைக்கிற கண்ணாடியைப் பார்த்தாள். அவள் கையில் நான் தடவிவிட்ட பசை வியர்வையில் கரைந்து, அந்தக் கிழவிகளின் விரலில் ஒட்டி, கண்ணாடி முழுக்க அப்பியிருந்தது.

அவள் எழுந்து போய்க் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். சட்டைக் கையை மடித்துவிட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள். எட்டுப் பேரையும் மறுபடி கூப்பிட்டாள். எட்டுப் பேருக்கும் எடுத்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பசை டப்பாவை என் கையில் கொடுத்து, "இது இனி வேண்டாம் அம்மா. வேலைக்கு ஆகல்லை" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. நான்தான் கத்தினேன். அவள் பாட்டுக்குச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் நடையே மாறிவிட்டது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பாள், யாராவது பார்த்தால் அவளும் திருப்பிப் பார்ப்பாள். "கல்யாணம் வேண்டாம்னு நான் சொல்லல்லை. கையை மறைச்சு நடக்கிற கல்யாணம் வேண்டாம்" என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. லீவு என்று பெயர். மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு படுக்கையில் கிடக்கிற பெரியவர்களின் வீடு வீடாகப் போவாள், ஒரு பைசா வாங்க மாட்டாள். நம் தமிழ் ஆட்களில் வயசானவர்களுக்கு மலையாளம் பேச வரும், எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. ஆபீஸிலிருந்து ஒரு கடிதாசி வந்தால் போதும், பயந்துபோய் அரிசி டப்பாவில் ஒளித்து வைத்துவிடுவார்கள். அதையெல்லாம் எடுத்து வாசித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள்.

எனக்கு எரியும். பின்னே எரியாதா? யாருக்குச் செய்கிறாள்? நோட்டைக் காகிதம் சுற்றி வாங்கினவர்களுக்கு! அக்ரகாரத்தில் சேஷன் மாமா பக்கவாதத்தில் படுத்தபோது முதல் தடவை நானும் கூடப் போனேன். அவர் மனைவி விஜயம் மாமி இவள் கையைப் பார்த்ததும் கதவோரத்திலேயே நின்றாள். "ஏண்டிம்மா, தப்பா நினைச்சுக்காதே. வேற யாராவது வந்து பிடிச்சுக்கப்படாதோ?" என்றாள். நான் செருப்பை மாட்டிவிட்டேன். முத்து அசையவில்லை.

"வேற ஆள் இல்லை மாமி. நான்தான் இருக்கேன். நாளையோட தேதி முடியுது. பிடிக்கட்டுமா, போகட்டுமா?"

உள்ளேயிருந்து மாமா குழறினார். "பிடிடி கொழந்தே. அவ கெடக்கா."

இப்போது விஜயம் மாமி வாரத்துக்கு ஒரு தரம் முத்துவுக்குப் போன் செய்கிறாள். இவளும் மணிக்கணக்காகப் பேசுகிறாள். எனக்குத்தான் அந்தக் கதவோரம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "உனக்குச் சூடு சொரணை உண்டா?" என்று கேட்டேன். "உண்டு அம்மா. அதைச் சுமந்துக்கிட்டு வீடு வீடா ஏற முடியாது, மூட்டு வலிக்கும்" என்று சிரித்தாள்.

இந்த லட்சணத்தில் என் மகன் ஹரிகுமாருக்குக் கல்யாணம் கூடியது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. பெண் திவ்யலட்சுமி, நம் நாஞ்சில் நாட்டு ஆட்கள்தான். நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத் தட்டை முத்துதான் எடுத்துக் கொடுத்தாள். அப்போது பெண்ணின் அம்மா, என் சம்பந்தி, முத்துவின் விரல்களையே பார்த்தாள். சும்மா பார்வை இல்லை. தட்டை வாங்கின பிறகும் பார்த்தாள்.

தாலி கட்டும்போது மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடுவான். மற்ற இரண்டு முடிச்சையும் அவன் சகோதரி, பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. முத்து எத்தனையோ வருஷமாக அந்த நாளுக்குக் காத்திருந்தாள். தம்பி பத்தாம் வகுப்பில் தோற்றுப்போய் அழுதபோதுகூட, "ஒனக்கு முடிச்சுப் போடற வரைக்கும் நான் ஒன்ன விடமாட்டேன்லே, எழுந்து படி" என்றுதான் அதட்டினாள்.

அந்தப் பார்வையைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மணமேடையில் அத்தனை பேருக்கு முன்னால், "இந்தக் கை வேண்டாம்" என்று சம்பந்தி சொல்லிவிட்டால்? நான் மனசுக்குள் அவளோடு நூறு சண்டை போட்டேன். அவள் சொல்லாத வார்த்தைக்கெல்லாம் பதில் சொன்னேன். ஹரிகுமார்கூட, "அம்மா, வெறுதே டென்ஷன் அடிக்காதே, கேட்டோ" என்றான். அவனுக்கு என்ன தெரியும்! கடைசியில் கொழுந்தன் மகள் ஸ்ரீலட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டேன். "முகூர்த்த நேரத்துல நீ போய்ப் பின்னால நின்னுக்கோ மக்ளே. முத்துக்கு வேற வேலை இருக்கு" என்று சொல்லிவைத்தேன்.

முத்துவுக்கு வேலையையும் நானே உண்டாக்கினேன். அவளுடைய பென்ஷன் பெரியவர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். "அவங்களைக் கைபிடிச்சுச் சாப்பாட்டு ஹாலுக்குக் கூட்டிட்டுப் போய் முதல் பந்தியில இருத்து. முகூர்த்தத்துக்கு நேரம் கிடக்கு, நான் கூப்பிடுகேன்" என்றேன். நம்பிப் போனாள்.

நான் கூப்பிடவில்லை.

கெட்டிமேளம் சத்தம் கேட்டு அவள் கீழிருந்து ஓடிவந்தாள். மேடைப்படியில் கால் வைக்கும்போது ஸ்ரீலட்சுமி மூன்றாவது முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். முத்து அந்தப் படியிலேயே நின்றுவிட்டாள். கையில் யாரோ ஒரு கிழவியின் ஊன்றுகோல் இருந்தது.

அட்சதை போட்டு முடிந்ததும் சம்பந்தி என்னிடம் வந்தாள். கையில் ஒரு சின்ன நகைப் பெட்டி.

"ஏன் மைனி, முத்து எங்க? நாங்க அவதான் முடிச்சுப் போடுவான்னுலா நெனச்சிருந்தோம். நாத்தனார் சீருக்கு மோதிரம் எடுத்து வச்சிருக்கேன். நிச்சயத்தன்னைக்கு அவ விரலைப் பாத்துப் பாத்து ஒரு அளவு மனசுல பிடிச்சுக்கிட்டேன், சரியா இருக்குமோ என்னமோ" என்றாள்.

விரல் அளவு! அதைத்தான் பார்த்திருக்கிறாள்! அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? வாய் ஊரெல்லாம் அடிக்கிற வாய். அது சொன்னது என்ன தெரியுமா?

"அவளுக்கு இன்னைக்குத் தூரம் மைனி. மேடை ஏறக் கூடாதுல்லா, அதான்."

முத்து எனக்கு இரண்டு படி கீழே நின்றாள். எல்லாம் கேட்டுவிட்டது. மேலே ஏறி வந்தாள்.

"எனக்குத் தூரமும் இல்லை, ஒண்ணும் இல்லை அத்தை" என்றாள், மெதுவாகத்தான். "என் கை அம்மாவுக்கு வெக்கம். வேற ஒண்ணும் இல்லை."

சம்பந்தி திகைத்துப்போய் மோதிரப் பெட்டியை அவளிடமே நீட்டினாள். முத்து வாங்கவில்லை. "முடிச்சுப் போட்டது ஸ்ரீலட்சுமிதானே, அவளுக்குக் குடுங்க. முறைன்னா முறை" என்றாள். தம்பியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். புதுப்பெண்ணின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். ஸ்ரீலட்சுமி அழுதுகொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்காரர், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "நீ செஞ்சது மோசம்" என்றார்.

மோசம்தான். காகிதம் சுற்றினவள், டம்ளரை எறிந்தவள், வடை தின்றவள், கதவோரம் நின்றவள், எல்லாரையும் இருபது வருஷம் விரலை மடக்கி எண்ணி வைத்துத் திட்டியிருக்கிறேன். அவர்களில் ஒருத்தியாவது அவளிடமிருந்து இப்படி ஒன்றைப் பறித்தாளா? பெற்ற நான் பறித்தேன். போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடி போட முடியாது. ஊரைத் திட்டத் தெரிந்த எனக்கு என்னைத் திட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

முத்து என்னோடு சண்டை போடவில்லை. தேவையானதைப் பேசினாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் மாசம், மஞ்சள் கயிற்றைப் பிரித்துத் தாலியைப் பொன்சரட்டில் கோக்கும் சடங்கு. மருமகள் முந்தின வாரமே என்னிடம் சொல்லிவிட்டாள். "அத்தே, முத்து மைனிதான் கோக்கணும். அவங்க வராம நான் மணையில இருக்க மாட்டேன்." கல்யாணம் ஆகாதவள் தாலியைத் தொடலாமா என்று என் ஓரகத்தி முனகினாள். வெண்புள்ளியை வாயால் சொல்ல வெட்கம், அதனால் இது ஒரு சாக்கு. "தொடுவா. பாக்கப் பிடிக்காதவங்க வரவேண்டாம்" என்றேன். அது எனக்குச் சுலபம். ஊரிடம் பேசுவது எப்போதுமே எனக்குச் சுலபம்.

முத்துவிடம் போய்ச் சொல்ல நாலு நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பையில் மெஷினை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"வெள்ளிக்கிழமை தாலி கோக்கணும். திவ்யலட்சுமி நீ வரணும்னு சொல்லுகா. அவ அம்மையும் சொல்லுகா. அவங்க எல்லாருக்கும் ஆசை, நீ..."

அவள் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே கேட்டாள்.

"அவங்க கேக்கது இருக்கட்டும். நீ கேக்கியா அம்மா?"

அவள் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். பதினொரு வயதுக்குப் பிறகு, பசை தடவுவதற்கு இல்லாமல், அந்தக் கையை நான் பிடித்ததே இல்லை.

"நான்தான் கேக்கேன் மக்ளே" என்றேன்.

"அப்ப வாறேன்" என்றாள்.