குளோன் போடும் கைக்கு நன்மை உண்டா?

பிரசங்கத்தில் தூக்கம் வராமலிருக்க எனக்கு ஒரு வழி உண்டு. யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று பெஞ்சு பெஞ்சாக நோட்டம் விடுவேன். பக்தி குறைவுதான்... என்ன செய்ய?

போன ஞாயிறும் அப்படித்தான். குமுளிக்கு மேலே, எஸ்டேட் மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்தார்கள். ஆரோக்கியமேரி மட்டும் எழவில்லை. இது மூன்றாவது ஞாயிறு!

மேரியா? காய்ச்சலோடு வந்தாலும் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறவள். அதுவும் அடுத்த ஞாயிறு அவள் மகள் ஸ்டெல்லாவுக்குப் புதுநன்மை. பிள்ளை முதன்முதலாக நன்மை வாங்கும்போது பெற்றவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதா?

பூசை முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொண்டேன்.

“என்ன மேரி, யார்கூடவும் சண்டையா?”

“சண்டை இல்லக்கா. நான் பாவத்துல நிக்கிறேன்.”

“சாமியார்ட்ட சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டியதுதானே?”

“பண்ணிட்டு மறுநா அதே வேலைக்குப் போனா, மன்னிப்பு செல்லுமாக்கா?” கண் கலங்கிவிட்டது. “நான் குளோன் போடுறேன்ல...”

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரமானது. மூன்று வாரத்துக்கு முன், புதிதாக வந்த சாமியார் விஞ்ஞானத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். குளோன் செய்வது கடவுள் வேலையில் கை வைப்பது, திருச்சபை ஒருநாளும் ஏற்காது என்று அடித்துச் சொன்னார். பாவம், சமவெளிக்காரர். எங்கள் மலையில் குளோன் என்றால் தேயிலை நாற்று என்று அவருக்கு எப்படித் தெரியும்? தாய்ச்செடியில் கிளை வெட்டி, ஒரு கணு ஒரு இலையாக நறுக்கி, மண் நிரப்பிய பையில் ஊன்றுவார்கள். தாயைப் போலவே பிள்ளை. நர்சரியில் மேரிக்குப் பல வருஷமாக அதுதான் வேலை.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

“கொழுந்து எடுக்க மாத்திவிடச் சொல்லி சூப்பர்வைசர்ட்ட கேட்டுட்டேன்க்கா” என்றாள். அந்த முட்டிவலியோடு மலைச்சரிவில் ஏறி இறங்குவாளா? என் சிரிப்பு எனக்கே கசந்தது.

கையைப் பிடித்து சாமியாரிடம் இழுத்துப் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார் — அதுவும் குளோன் செடியில் வந்ததாகத்தான் இருக்கும்! விஷயத்தைக் கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. என்னைவிட நல்ல மனிதர்.

“தப்பு என் மேலதாம்மா. நான் செடியைச் சொல்லல. பதியம் போடுறது, நாத்து ஊனுறது எல்லாம் கடவுளே மனுஷன் கையில கொடுத்த வேலை. நான் சொன்னது மனுஷப் பிள்ளையை. ஆர்டர் கொடுத்து, இன்னார் மாதிரியே வேணும்னு செஞ்சு வாங்க, பிள்ளை என்ன சாமானா? அது வரம்மா. ஆராய்ச்சி வேண்டாம்னு சபை சொல்லல. நோய் தீரட்டும். ஆனா அதுக்காக ஒரு உயிரை உண்டாக்கி அழிக்கக் கூடாது.”

எனக்குத் திருப்தி. மேரிக்கு இல்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள்.

“ஒரு சந்தேகம் சாமி. யாரோ தப்பா அப்பிடி ஒரு பிள்ளைய உண்டாக்கிட்டாங்கன்னு வைங்க. அதுக்கு ஞானஸ்நானம் உண்டா?”



“உண்டும்மா. உண்டாக்குனவங்க தப்பு பிள்ளை மேல ஏறாது. எந்த வழியா வந்தாலும் அதுக்கு ஆத்துமா கொடுக்குறது கடவுள்தான். அது யாரோட காப்பியும் இல்ல.”

“அதான பாத்தேன்! ஒரே தாய்ச்செடில வெட்டுனாலும் ஒவ்வொரு நாத்தும் அதது இஷ்டத்துக்குத்தான் சாமி துளிர் விடும்.” முகம் தெளிந்துவிட்டது. “ஊரு அந்தப் பிள்ளைய ஒரு மாதிரி பேசும். ஞானஸ்நானத்துல அதை ஏந்தி ஞானத்தாயா நிக்க ஆள் வராது. வரலைன்னா எனக்குச் சொல்லிவிடுங்க. நான் நிக்கிறேன்.”

பெரிய பெரிய அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயம். இன்னும் பிறக்கவே பிறக்காத ஒரு பிள்ளைக்கு, போகிற போக்கில் ஒரு தாயைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இந்த ஞாயிறு ஸ்டெல்லா வெள்ளை கவுனில் புதுநன்மை வாங்கினாள். அவள் தோளைத் தொட்டபடி பின்னாலேயே மேரி. அந்த நகக்கண்ணில் நர்சரி மண் இன்னும் இருந்தது. திங்கட்கிழமை மறுபடி நாற்று ஊன்றப் போகிற கை.

நன்மை வாங்கித் தாயும் மகளும் திரும்பி வந்தபோது இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தேன். அதே மூக்கு, அதே கன்னக்குழி... மகள் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

‘குளோன்’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது — கடித்துக்கொண்டேன்!