அக்காவுக்குச் சதை பிடித்த கதை

எங்கள் வீட்டு பீரோவில் அக்கா மகளின் கல்யாண ஆல்பம் இருக்கிறது. அதில் ஒரு போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பச்சைப் பட்டுப் புடவையில் அக்கா நிற்கிறாள். முகம் வட்டமாக, கன்னம் இரண்டும் உப்பி, பளபளவென்று இருக்கிறது. பக்கத்தில் நான் அவள் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மண்டபத்தில் நாலு பேர் காதில் விழும்படி நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. “இப்பத்தான் எங்கக்கா மூஞ்சில சதை புடிச்சு நல்லா இருக்கறா.”

சொன்னது யார்? உடம்பைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். நான் கிராமச் செவிலியர். ராசிபுரம் பக்கம் நான் போய்வருகிற ஊர்களில் நர்சம்மா என்பார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர், எந்த வீட்டில் பிள்ளைக்கு ஊசி போடவில்லை என்று விரல் நுனியில் வைத்திருப்பேன். கூடப் பிறந்தவள் முகம் ஏன் உப்புகிறது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி தயாரிக்கிற ஒரு சேகோ மில்லுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி லாரியில் வந்து மலை மாதிரி குவியும். தோலை மிஷின் உரிக்கும். மிஷின் விட்டுவைத்த தோலையும் வேரையும் கத்தியால் சீவுவது பெண்களின் வேலை. காலையில் ஈரத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார்கள். ஒரே ஒரு கக்கூஸ், அதற்கும் கதவு சரியாக மூடாது. அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. வருஷக்கணக்கில் இப்படி உட்கார்ந்தால் குறுக்கும் முட்டியும் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நர்சுக்குப் படித்திருக்க வேண்டியதே இல்லை.

வலிக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி செட்டு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து மருந்துக் கடையில் போய், “ஒடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க” என்றால் போதும். கடைக்காரர் நாலு டப்பாவைத் திறந்து, டப்பாவுக்கு ஒன்றாக நாலு மாத்திரையை எடுத்து, காகிதத் துண்டில் மடித்துக் கொடுப்பார். அட்டை கிடையாது, பெயர் கிடையாது. வலி வந்த பிறகு போடுகிற மாத்திரையும் இல்லை அது. காலையில் கிழங்கு முன்னால் உட்காருவதற்கு முன்னாலேயே டீயோடு போட்டுக்கொள்வார்கள், லாரி கிளம்பும் முன் டீசல் அடிப்பதுபோல.

ஒரு தடவை அக்கா துவைக்கப் போட்ட புடவை முந்தானை முடிச்சில் அந்தப் பொட்டலம் எனக்குக் கிடைத்தது. என்னவென்று கேட்டேன்.

“சத்து மாத்திரை புள்ள. கடைக்காரரு குடுத்தாரு. இதப் போட்டாத்தான் பசி எடுக்குது, ஒடம்பு தேறுது.”

நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கும் பசி எடுத்தது, முகமும் தேறியது, நானும் சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் அக்காவுக்குக் கால் வீங்கியது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ரத்தம் சோதித்துப் பார்த்ததில் கிட்னி சரியில்லை என்று வந்தது. சேலத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்னென்ன மாத்திரை போடுகிறாய் என்று டாக்டர் கேட்டதும், அக்கா ஒளிக்காமல் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பிரித்து, பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

“இது வலி மாத்திரை. இதுவும் வலி மாத்திரைதான், வேற பேரு. இது வயித்துக்கு. இந்தச் சின்னது இருக்கு பாருங்க, ஸ்டீராய்டு. மூஞ்சிய உப்ப வெச்சது இதுதாம்மா. கிட்னியக் கெடுத்தது அந்த ரெண்டும்.”

எத்தனை வருஷமாக என்று கேட்டார். பெரியவன் பத்தாவது படிக்கும்போதிருந்து என்றாள் அக்கா. அவன் இப்போது வேலைக்குப் போகிறான். கிட்னி பாதிக்குமேல் போய்விட்டது, மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும், அதுவும் போனால் டயாலிசிஸ்தான் என்றார் டாக்டர். வலி மாத்திரை இரண்டையும் இன்றைக்கே நிறுத்த வேண்டும். சின்னதை மட்டும் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து, தான் எழுதிக் கொடுக்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “வீட்ல படிச்சவங்க யாரும் இல்லையா?”

நான் நர்சென்று சொல்லாமலே சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? நேராக அந்தக் கடைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்னென்ன திட்டுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் திட்டியும் முடித்தேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

“நானா கூப்புட்டுக் குடுக்கறனுங்க? அவங்களா வந்து கேக்கறாங்கோ. நான் குடுக்காட்டி அடுத்த கடைல வாங்குவாங்கோ. ஏனுங்க, அந்தப் பொம்பளைங்க ஒரு நாள் ஊட்ல படுத்துக்கறேன்னா மில்லுல உடறாங்களா? அங்க போய்க் கேளுங்க.”

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. மீதிப் பாதிக்காக மேலிடத்தில் கடைமேல் புகார் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் டப்பாக்கள் உள்ளே போயிருந்தன, பிறகு மறுபடியும் வெளியே வந்தன.

வலி மாத்திரையை விட்டதும் அக்காவுக்கு அத்தனை வருஷ வலியும் ஒன்றாக வந்து இறங்கியது. குறுக்கைப் பிடித்துக்கொண்டு, “உம்பேச்சக் கேட்டு நான் இப்பிடிக் கெடக்கறனே” என்று என்னைத் திட்டினாள். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தேன். படுக்கவைத்து முட்டியை மடக்கி நீட்டச் சொன்னேன். தாங்கமுடியாத நாளில் மட்டும் டாக்டர் சொன்ன அளவுக்குப் பாரசிட்டமால். மாதங்கள் ஆகத்தான் செய்தன. சின்ன மாத்திரை குறையக் குறைய முகம் மெல்ல வடிந்து பழையபடி ஒட்டியது. கிட்னியின் மிச்சம் இன்றுவரைக்கும் அப்படியே நிற்கிறது.

ஆனால் தெருவில் விட்டார்களா? “என்ன சாமி, இப்பிடி எளச்சுப் போயிட்டே? எதாச்சும் நோவா?” பார்க்கிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரித்தார்கள். ஒருத்தி வீட்டுக்கே வந்து, இன்ன கடையில் ஒரு செட்டு தருகிறார்கள், பத்தே நாளில் சதை பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். செத்துக்கொண்டிருந்தபோது கண்ணு பட்டுவிடும் என்று சுற்றிப்போட்ட ஊர், பிழைத்து வந்ததும் பரிதாபப்பட்டது.

போன தை மாதம் அதே மில்லில் வலியைப் பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தச் சொல்லி எனக்கு ஆர்டர் வந்தது. கூடவே ஒரு போஸ்டரும் வந்தது. நாற்காலியில் முதுகை நேராக வைத்து உட்காரவும், கம்ப்யூட்டர் கண்ணுக்கு நேராக இருக்கட்டும், மாலையில் நடைப்பயிற்சி செய்யவும். ஈரத் தரையில் கத்தியோடு உட்கார்ந்திருக்கிற நாற்பது பெண்களுக்கு முன்னால் அதை விரித்துப் பிடித்தேன். முன்வரிசையில் ஒரு அம்மாள், “நாற்காலி நீங்களே கொண்டாந்துருக்கறீங்ளா சாமி?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். போஸ்டரைச் சுருட்டி மூலையில் போட்டேன்.

அக்காவைக் கையோடு கூட்டிவந்திருந்தேன். அவளை முன்னால் நிற்கவைத்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெயர் தெரியாத மாத்திரையை வாயில் போடாதீர்கள், அட்டையோடு கேளுங்கள். எந்த வலி மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நாள் கணக்கில் போடாதீர்கள். செட்டு போட்டுப் பழகியவர்கள் நீங்களாக நிறுத்தாதீர்கள், என்னோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். உட்கார ஒரு சாண் உயரத்துக்குப் பலகை வேண்டும், அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டும். கால் மரத்துப்போனாலோ ஒன்றுக்கு அடக்க முடியாமல் போனாலோ ஆஸ்பத்திரிக்கு வருவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

மில் மேஸ்திரி குறுக்கே வந்தார். “அரைமணிக்கு ஒருக்கா எந்திரிச்சா லோடு யாருங்க சீவறது?”

“கக்கூசுக்குக் கதவு போட்டுட்டு அப்பறம் எங்கிட்டப் பேசுங்க” என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

பிறகு ஆல்பத்திலிருந்து கழற்றி வந்த போட்டோவைக் கைக்குக் கை அனுப்பினேன். “இதுல இருக்கறதும் இவங்கதான். மாத்திரைல மூஞ்சி உப்பி, கிட்னி போயிட்டிருந்தப்ப எடுத்தது. அன்னிக்கு இவ நல்லா இருக்கறான்னு ஊருக்கே சொன்னது நான்தான். கூடப் பொறந்தவ. நர்சு.”

போட்டோவைப் பார்த்தவர்கள் அக்காவைப் பார்த்தார்கள். அப்புறம் பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையால் தன் கன்னத்தைத் தொட்டாள். கன்னம் உருண்டையாக, பளபளவென்று இருந்தது.

“நர்சம்மா, எங்க ஊட்ல எல்லாரும் நான் இப்பத்தான் நல்லா இருக்கறேங்கறாங்க” என்றாள்.

அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.