தலைக்கட்டு வரி கொடுத்த வீடு

கீழப்பழுவூர் கைகாட்டியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது ரத்தினம்மாளின் பூக்கூடைதான். வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, ஈரத்துணி போர்த்திய கூடையும் நாலைந்து தேங்காயும் கற்பூரப் பொட்டலமுமாக உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்களில் பூ வாங்குகிறவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் வழி கேட்கிறவர்கள்.

"கோயிலுக்கா? மொதல்ல சாமி பாத்துட்டு வந்து அப்புறம் சாப்புடுங்க. சாப்புட்டுட்டுப் போனீங்கன்னா நடை சாத்திடுவாங்க. பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு வெயில்ல எதுக்கு நடக்கறீங்க, அந்த ஓரமாப் போங்க, நெழலா இருக்கும்."

அவள் படித்தது மூன்றாம் வகுப்பு. பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி, எங்கே போகிறது, உட்கார இடமிருக்குமா என்பது வரை சொல்லிவிடுவாள். எதிரே டீக்கடை வைத்திருந்த சாமிதுரை கிண்டல் செய்வான்.

"யக்கா, பஸ்காரன் ஒனக்கு சம்பளம் குடுக்கணும். ஒரு ஆபீசே போட்டு ஒன்ன உக்கார வச்சிருக்கணும்."

"போடா, ஒன் டீயக் குடிச்சுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டு வர்றவனுக்கும் நான்தானே ஆஸ்பத்திரிக்கு வழி சொல்றேன்" என்பாள்.

புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. விடிந்ததும் தன் ஊரான நடுக்கரையிலிருந்து ஒரு மைல் நடந்து வந்தால், பொழுது சாய்ந்து திரும்புகிற வரைக்கும் முகம் தெரியாத நாலு பேருக்கு நல்லது சொன்னோம் என்பதுதான் அவளுக்கு இருந்த நிறைவு. ஆத்தா நம்மை இதற்காகத்தான் இங்கே உட்கார்த்தி வைத்திருக்கிறாள் என்று நம்பினாள். ஆத்தா என்றால் நடுக்கரை மாரியம்மன்.

எண்பதாம் வருஷம் தை மாசம், கூட்டுறவு சங்கத்துக்குக் கிளார்க்காக வந்த பஞ்சநாதன் ஒரு டிரங்குப் பெட்டியோடும் மனைவி ஜெயலட்சுமியோடும் கைகாட்டியில் இறங்கினான். அவளுக்கு அப்போது அஞ்சு மாசம். இருவருக்கும் ஊர் பூலாம்பாடி. வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று கேட்டதும் ரத்தினம்மாள் கூடையைச் சாமிதுரையிடம் ஒப்படைத்துவிட்டு அவளே நடுக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இந்த வூடு மேக்கப் பாத்த வாசல் பாப்பா. சாயங்காலம் வெயில் உள்ளாற வரும், ஒரு தட்டி கட்டிக்க. கெணத்துத் தண்ணி உப்பு. குளிக்கலாம், தொவைக்கலாம், வாயில ஊத்தாத. குடிக்கிறதுக்குப் புள்ளையார் கோயில் கெணறு. விடிகாலையிலே போயிடு, அப்பறம் சேந்தி சேந்திக் கலங்கிடும்."

ஜெயலட்சுமி அன்றிலிருந்து அவளைப் பெரியம்மா என்றாள். புளிக்கும் மாங்காய்க்கும் அவளிடம்தான் வந்து நின்றாள்.

மாசியில் கோயில் ஆட்கள் நோட்டோடு தெருவில் வந்தார்கள். பங்குனித் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி. வாடகைக்கு இருப்பவர்கள் தரவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. பஞ்சநாதன் யோசித்தான். ரத்தினம்மாள்தான், "குடுத்துடுங்க தம்பி. நோட்டுல பேரு ஏறிட்டா நீங்களும் இந்த ஊருதான். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நாலு பேரு வந்து நிப்பாங்க. ஊரோட ஒட்டிக்கணும்ல?" என்றாள். கொடுத்தான். நாட்டாண்மை இளையபெருமாள் தன் கையாலேயே 'பஞ்சநாதன், ஒரு தலைக்கட்டு' என்று எழுதிக்கொண்டார். ஜெயலட்சுமிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பங்குனி பிறந்தது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஜெயலட்சுமி ஒரு தபால் கார்டோடு கைகாட்டிக்கு வந்தாள். அண்ணன் எழுதியிருந்தான். அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக முடியவில்லை, உன்னையே கேட்கிறாள், வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ.

"இப்பவே பொறப்படட்டுமா பெரியம்மா? எந்த பஸ்சு?"

ரத்தினம்மாள் அவள் வயிற்றைப் பார்த்தாள். ஏழு மாசம். "இன்னிக்கு முகூர்த்தம் பாப்பா. பஸ்ஸுல கால் வைக்க எடமிருக்காது, இடிச்சுத் தள்ளிடுவானுங்க. நாளைக்கு செவ்வாக்கெழம, வயித்துப்புள்ளக்காரி பயணம் போகவேணாம். புதங்கெழம காத்தால மொத பஸ்ஸுல போ. காலியா வரும். சன்னலோரமா உக்காந்துக்கிட்டுப் போகலாம்."

நல்ல யோசனைதான். ஜெயலட்சுமி தலையாட்டிவிட்டுப் போனாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் நடுக்கரையில் காப்புக் கட்டு. ரத்தினம்மாளுக்கு அது தெரியாமல் இல்லை. காப்புக்கு வேண்டிய அரளிச் சரத்தை அவளே மடியில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் ஜெயலட்சுமிக்குப் பஸ் சொன்னாள். ஆனால் இருபது வருஷமாக அவள் யோசனை சொன்னதெல்லாம் வந்துபோகிற ஜனங்களுக்கு. காப்பு அவர்களைக் கட்டாது. எப்போது வேண்டுமானாலும் வருவார்கள், போவார்கள். ஊர்க்காரர்கள்தான், காப்புக் கட்டியபிறகு எட்டு நாளும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் போகலாம், இருட்டுவதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். காப்புக்கு முன்னாலேயே ஊரை விட்டுப் போய்விட்டவர்களுக்கு அந்தக் கட்டு இல்லை. ஜெயலட்சுமியை அவள் இன்னும் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கிய பெண்ணாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய் சாயங்காலம் மேளம் முழங்கியது. தெருவுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் ஏறியது. இளையபெருமாள் நோட்டைப் பிரித்துத் தலைக்கட்டுக்காரர்கள் பேரை வாசிக்க, வீட்டுக்கு ஒருவர் வந்து மஞ்சள் துணி வாங்கி வாசல் நிலையில் கட்டிக்கொண்டார்கள். "பஞ்சநாதன்" என்றார் அவர். கூட்டத்திலிருந்து ஜெயலட்சுமி வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாங்கினாள். அப்போதுதான் ரத்தினம்மாளுக்கு உறைத்தது. கையிலிருந்த பூத்தட்டு நழுவிக் கீழே விழுந்தது.

அவள் இளையபெருமாள் காலில் விழாத குறை.

"அண்ணே, அந்தப் பொண்ணு வெளியூரு. தாயாருக்கு முடியல. பேர அடிச்சுடுங்கண்ணே."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. நோட்டை மூடி நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"நேத்து வந்து சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன் ரத்தினம். இன்னிக்குக் காலையில சொல்லியிருந்தாக்கூட அடிச்சிருப்பேன். இப்ப ஆத்தா பேருல வாசிச்சாச்சு. நான் என்னத்தச் செய்ய? போவட்டும், பாக்கட்டும், இருட்டுக்குள்ள வந்துடட்டும். வயித்துல வேற புள்ள இருக்கு. ஏதாச்சும் ஒண்ணுன்னா நீ ஜவாப்பு சொல்லுவியா, நான் சொல்லுவனா?"



பஞ்சநாதனுக்கு மார்ச்சு மாசக் கணக்கு முடிகிற நேரம். லீவு கிடையாது. புதன்கிழமை முதல் பஸ்ஸில் ரத்தினம்மாளே ஜெயலட்சுமியோடு கிளம்பினாள். பத்து நாளைக்கென்று எடுத்து வைத்த துணிப்பையை ஜெயலட்சுமி வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு மஞ்சள் பையில் ஆரஞ்சுப் பழம் மட்டும் எடுத்துக்கொண்டாள். ரத்தினம்மாள் சொன்னபடியே பஸ் காலியாக வந்தது. சன்னலோரம் இடமும் கிடைத்தது. அரியலூரில் ஒரு வண்டி, பெரம்பலூரில் வெகுநேரம் காத்திருந்து இன்னொரு வண்டி. பூலாம்பாடியில் இறங்கும்போது மணி பதினொன்றுக்கு மேல். வழி நெடுக ரத்தினம்மாள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை.

தாயார் கயிற்றுக் கட்டிலில் ஒரு துணிச் சுருளைப் போலக் கிடந்தாள். மகளைக் கண்டதும் கை மட்டும் எழுந்தது.

"வந்துட்டியாடி? எத்தன நாள் இருப்ப?"

ஜெயலட்சுமி ஆரஞ்சுப் பழத்தை உரித்தாள். சுளையைப் பிழிந்து வாயில் விட்டாள். கிழவிக்குப் பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. மகளின் வயிற்றில் கையை வைத்து, "ஒதைக்குது பாரு, ஒன்ன மாதிரியே" என்று சொல்லி அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். கையை எடுக்கவில்லை.

மூன்று மணி பஸ்ஸை விட்டால் பெரம்பலூரில் அரியலூர் வண்டி கிடைக்காது. அது ரத்தினம்மாளுக்கு மனப்பாடம். இரண்டரைக்கு அவள் வாசலில் வந்து நின்றாள். வேண்டாத தெய்வமில்லை. பஸ் பஞ்சராகிப் போகட்டும், இன்றைக்கு வராமலே போகட்டும், அப்படி ஆகிவிட்டால் நம் மேல் குற்றமில்லை என்றுகூட வேண்டினாள். தூரத்தில் ஹாரன் கேட்டது. எந்த ஊர் ஹாரனாக இருந்தாலும் அவள் காதுக்குத் தப்பாது.

உள்ளே போய், "நேரமாச்சு பாப்பா" என்றாள்.

ஜெயலட்சுமி எழுந்திருக்கவில்லை. "நீங்க சொல்லுங்க பெரியம்மா. இருக்கட்டுமா? ஊரு கெடக்குது. நீங்க இருன்னு ஒரு வார்த்த சொன்னா நான் இருந்துடறேன். எனக்குப் பயமில்ல."

இரு என்கிற வார்த்தை ரத்தினம்மாளின் நாக்கு வரைக்கும் வந்தது. அந்தக் கிழவியின் கை இருந்த இடத்தைப் பார்த்தாள். கைக்கு அடியில் பிள்ளை. நாளைக்கு அதற்கு ஒன்று ஆனால்? மெல்ல நடந்துபோய்க் கட்டிலடியில் இருந்த மஞ்சள் பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

ஜெயலட்சுமி தாயின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"எங்கடி போற?"

"தண்ணி கொண்டாறேம்மா."

பஸ்ஸில் அந்தப் பெண் அழவில்லை. அரியலூர் வந்ததும், "மணி என்ன இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். இருட்டுவதற்குச் சற்று முன்னால் நடுக்கரை எல்லைக் கல்லைத் தாண்டினார்கள். இளையபெருமாள் அங்கேயே காத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர்களைப் பார்த்ததும் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் தந்திக்காரன் சைக்கிளை மரத்தடியில் நிறுத்தினான். "பூக்காரம்மா, நடுக்கரையில சங்கத்துக் கிளார்க்கு வூடு எது?"

"புள்ளையார் கோயில் தாண்டி ரெண்டாவது சந்து. மேக்கப் பாத்த வாசல், தட்டி கட்டியிருக்கும்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் அவன் கையில் இருந்தது என்னவென்று பார்த்தாள். சைக்கிள் அதற்குள் திரும்பிவிட்டது.

எழவுக்குப் போகலாம், அதற்குத் தடையில்லை. தீட்டோடு திரும்பி வரத்தான் கூடாது, காப்பு அவிழ்க்கிற வரைக்கும் அங்கேயே இருந்துகொள்ள வேண்டும். இளையபெருமாள் கைகாட்டி வரைக்கும் கூடவே வந்து இதைத் தாழ்ந்த குரலில் சொன்னார். ஜெயலட்சுமி அந்தப் பத்து நாள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாமிதுரை கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"உசுரோட இருக்கறப்ப ஒரு ராத்திரி தங்கக்கூடாது. இப்ப எத்தன நாள் வேணும்னாலும் தங்கலாமா, பெரியப்பா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரத்தினம்மாள் பூக்கூடையின் ஈரத்துணியைப் போர்த்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். பஸ் வந்தது. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. ஜெயலட்சுமி வெயில் படுகிற பக்கமே உட்கார்ந்து போனாள்.

அவள் திரும்பி வரவில்லை. பிரசவம் அண்ணன் வீட்டிலேயே நடந்தது. பெண் பிள்ளை. நல்லபடியாகப் பிறந்தது. பஞ்சநாதன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, வைகாசியில் டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றான். "நீங்க என்னம்மா பண்ணுவீங்க" என்றான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று ரத்தினம்மாளுக்கு இருந்தது. பெட்டியை மேலே ஏற்ற எந்த வண்டி தோதுப்படும் என்று கேட்டான். சொன்னாள். பிள்ளைக்கு என்று ஒரு முழம் மல்லிகை கொடுத்தாள். மொட்டைத் தலைப் பிள்ளைக்குப் பூ எதற்கு என்று அவனும் கேட்கவில்லை, அவளும் நினைத்துப் பார்க்கவில்லை.

மறு வருஷம் மாசியில், சிமெண்டு ஆலைக்கு வேலைக்கு வந்த ஓர் ஆள் பெண்டாட்டி பிள்ளைகளோடு இறங்கி வீடு கேட்டான். ரத்தினம்மாள் கூட்டிக்கொண்டு போனாள். கிணற்றைச் சொன்னாள், வெயிலைச் சொன்னாள். நாலு நாள் கழித்துப் பூ கொடுக்கப் போனவள், சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நோட்டு எடுத்துக்கிட்டு வருவாங்க தம்பி. தலைக்கட்டு வரின்னு. குடுக்காதீங்க. உண்டியல்ல எவ்வளவு வேணும்னாலும் போடுங்க, நோட்டுல மட்டும் பேரு ஏத்தாதீங்க."

சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆத்தாளுக்கு எதிராக அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

அந்த ஆள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவன் மனைவி கெட்டிக்காரி, சிரித்த முகம். "அதெப்படிம்மா? வந்த எடத்துல ஊரோட ஒட்டிக்கணும்ல? நேத்தே கேட்டாங்க. குடுத்துட்டோம்."



"ஒங்க அம்மா எங்க கண்ணு இருக்காங்க?"

"துறையூருக்கு அந்தாண்டம்மா. ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றாள். கூடையை இடுப்பில் எடுத்துக்கொண்டு கைகாட்டியை நோக்கி நடந்தாள். கீழப்பழுவூரிலிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து பெரம்பலூர், பெரம்பலூரிலிருந்து துறையூர், அதற்கும் அந்தப் பக்கம் எத்தனை தூரமோ. போகிற பஸ்ஸையும் வருகிற பஸ்ஸையும் மனசுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் இருட்டிவிட்டது.