விசாரணை ஜன்னலுக்கு வந்த விசாரணை

எக்ஸ்ரே அறை நர்ஸ் சொன்னதாக லிஃப்ட்காரர் சொன்னார். நர்ஸுக்கு யார் சொன்னது என்பதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் காதருகே குனிந்து, "உங்க மேல என்கொயரி வருதாம் அண்ணே" என்றார்.

அண்ணன் விரலை மடக்கி எண்ணினார். ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம். பத்தொன்பது வருடமாக அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வாசல் கூடத்தில், 'விசாரணை' என்று பலகை மாட்டிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். எல்லோருக்கும் அவர் என்கொயரி அண்ணன்தான். அந்தச் சொல்லின் சகல அவதாரங்களும் அவருக்கு அத்துப்படி. நோயாளி விசாரித்தால் வழி சொல்ல வேண்டும். போலீஸ்காரர் விசாரித்தால் எழுந்து நின்று பல்லைக் காட்ட வேண்டும். மச்சினன் கடிதத்தின் கடைசி வரியில் எல்லோரையும் விசாரித்ததாக எழுதினால் அது பாசம், செலவில்லாத பாசம். மேலிடம் விசாரித்தால் மட்டும்தான் வேலைக்கு உலை.

அவர் யாரிடமும் 'தெரியாது' என்று சொன்னதில்லை. தெரியாத கேள்விக்கெல்லாம், "பதினாலாம் நம்பர் ரூம்ல கேளுங்க" என்பார். உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிய அறை அது, நடையின் கோடியில். கேட்டவர் நடந்து திரும்புவதற்குள் அண்ணனின் ஷிஃப்ட் முடிந்துவிடும். இந்த வசதியைப் பார்த்து மருந்து கவுண்டரும் பதிவுக் கவுண்டரும்கூட அதையே சொல்ல ஆரம்பித்திருந்தன.

போன வாரம் ஒரு பெரியவர், புகார் எங்கே கொடுப்பது என்று கேட்டார். அவரையும் அங்கேதான் அனுப்பினார். பூட்டுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்ற அந்த மனிதர், ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவின் புது உறுப்பினராம்.

அண்ணன் கீழே இறங்கி, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஓடினார். டைப்பிஸ்ட் நிமிரவில்லை.

"பதினாலாம் நம்பர்ல கேளுங்கண்ணே."

"என்கிட்டயேவா தங்கச்சி?"

"நிஜமாத்தான் சொல்றேன். போய்ப் பாருங்க."

போனார். பூட்டைக் காணோம். தரை கழுவியிருந்தது. நீள மேஜை, அதன் பின்னால் மூன்று மெத்தை நாற்காலிகள், எதிரே ஒற்றை மர நாற்காலி. பியூன் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கு உங்க டேபிளுக்கு போன் வருமாம். வந்ததும் இங்க வந்துடணுமாம்."

"எதுக்குன்னு கேட்டியாப்பா?"

"கேட்டா எனக்கும் ஒரு நாற்காலி போட்டுடுவாங்கண்ணே."

அவர் ஜன்னலைத் திறந்தபோது மணி நாலாக ஐந்து நிமிடம். வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. முதலில் நின்ற பெண், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே வாங்குவது என்று கேட்டாள். அண்ணனின் வாய் பழக்கதோஷத்தில் திறந்து, மூடிக்கொண்டது.

"தெரியாதும்மா."

"இதைச் சொல்றதுக்கு ஒரு ஜன்னலு, அதுக்கு ஒரு ஆளு."

போன் அடித்தது. ரிசீவர் மேல் கையை வைத்தார். கைக்குள் அது அதிர்ந்தது.

"எடுங்க சார். அவங்களுக்காவது தெரியுதான்னு கேளுங்க" என்றாள் அவள்.

ஐந்தாவது மணி. கை அங்கேயே இருந்தது. ஆறாவது.