நரம்புக் கடத்தல்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். மருந்துச்சீட்டோ கல்யாணப் பத்திரிகையோ, எது வந்தாலும் ஆறாம் வகுப்பிலிருந்த நான் வாசித்து முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அப்பாவுக்கு மேற்கு மாம்பலத்தில் இஸ்திரி வண்டி. வலது கை விரல்கள் அடிக்கடி மரத்துப்போய், ஒருநாள் பெட்டியே நழுவி விழுந்தது. அந்தக் கை போனால் வண்டியும் போய்விடும். ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டைக் கொடுத்து வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். நான் கணீரென்று வாசித்தேன்: நரம்புக் கடத்தல் பரிசோதனை.

"கடத்தலா?" என்றார் அப்பா.

தங்கக் கடத்தல், குழந்தைக் கடத்தல் எல்லாம் செய்தியில் பார்த்திருந்தேன். தெரியாது என்று சொல்ல என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. "நரம்ப எடுத்து வேற ஆளுக்கு வெச்சிடுவாங்கப்பா" என்றேன்.

"யோவ், அந்த நல்ல கைய வெளிய காட்டிக்கினு நிக்காத" என்றாள் அம்மா. நரம்பு வழுக்கிக்கொண்டு அகப்படாமல் இருக்கட்டும் என்று வலது கையில் தேங்காயெண்ணெயை அப்பினாள். எண்ணெய் தடவி வரக் கூடாது என்ற அடுத்த வரியை வாசிக்க யாரும் என்னை விடவில்லை.

பரிசோதனை அறையிலிருந்த அக்கா எண்ணெயைத் துடைத்துத் துடைத்துச் சலித்தார். பிறகு கையில் ஒயர்களை ஒட்டி, "சுருக்குனு இருக்கும், பயப்படாதீங்க" என்றார். கட்டைவிரல் தானாகத் துள்ளியது.

"எம்மா, நான் ஆட்டலம்மா!"

அடுத்து சதையில் மெல்லிய ஊசி. கையை இறுக்கச் சொன்னதும் மெஷின் அப்பளம் பொரிவதுபோல் சடசடத்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அந்தக் கையையும் குடுங்க, ரெண்டையும் ஒத்துப் பாக்கணும்."

பேன்ட் பாக்கெட்டுக்குள் போன இடது கை வெளியே வரவில்லை. "இத்தயாவது வுட்ருங்கம்மா. கடத்திட்டீங்கன்னா நான் பொட்டி தூக்க வாணாவா?"

அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நரம்புல கரண்ட் எவ்ளோ வேகமா போகுதுன்னு பாக்கறோம், அவ்ளோதான். ஒண்ணையும் எடுக்க மாட்டோம். யாரு இப்படிப் படிச்சு சொன்னது?"

எனக்குக் காது சுட்டது. அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. "நான்தாம்மா. அவசரத்துல தப்பா பட்ச்சிட்டேன்."

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, கையில் பட்டை கட்டிக்கொண்டால் தேறிவிடும் என்றார் டாக்டர். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நான்தான் பஸ்ஸில் உம்மென்று வந்தேன். தன் பெயரையே எழுத்துக்கூட்டத் தெரியாத மனுஷன், வெளியாள் முன்னால் என் வேலையை எப்படித் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம்? அவர் இடது கையால் நீட்டிய வேர்க்கடலைப் பொட்டலத்தை வாங்காமல், தேனாம்பேட்டை வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.