குணசுந்தரியின் தமிழ்க் கோப்புறை

குணசுந்தரி அக்காவைப் பற்றி எங்கள் தொழிற்சாலையில் இன்னமும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். யாரும் கேட்காத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டவர் என்பது ஆபீஸ் பேச்சு. அவரால்தான் ஒருத்தியின் விரல் போனது என்பது உற்பத்தி லைனில் நிற்பவர்கள் பேச்சு. பேசுகிறவர்களுக்கு வாய் வலிக்கவா போகிறது? ஆறு வருடம் அவருடைய பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். என் பெயர் ரமணி. நடந்ததைப் பார்த்தேன், நடுவில் ஒரு கேவலமான யோசனையும் சொன்னேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு கூலிம் நகரத்துக்குக் கம்பெனி பஸ் ஏறினார். கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் நின்றுகொண்டே வேலை. மணிக்கட்டு கெட்டுப்போய் டாக்டர் சீட்டு கொடுத்த பிறகுதான் பயிற்சிப் பிரிவில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. கணவர் காலமாகிவிட்டார். ஷீலா என்று ஒரே மகள்.

எங்கள் பயிற்சி முழுவதும் கணினியில்தான். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு பாடம் உண்டு. அந்த இயந்திரத்தில் நிற்கப் போகிறவர் பயிற்சி அறையில் டேப்லெட்டைத் திறந்து, பாடத்தைப் படித்து, கடைசியில் ‘சாயா ஃபாஹாம்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். எனக்குப் புரிந்தது என்று அர்த்தம். அழுத்தினால் பெயருக்கு நேரே பச்சைக் குறி விழும். அக்கா வந்தபோது அந்தப் பாடங்கள் கிடந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, உண்மையிலேயே கடைசி என்ற அர்த்தத்தில் ‘ஃபைனல் பெத்துல்’ என்று ஒரே பாடத்துக்கு நான்கு கோப்புகள். ஒன்றைத் திறந்தால் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ இருந்தது. ஏழு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார். இயந்திரத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் மலாய் ஒன்று, ஆங்கிலம் ஒன்று, கோப்பின் பெயரிலேயே தேதி. பழையது எதுவானாலும் தொழிலாளர் கண்ணில் படாத இடத்துக்கு உடனே நகர்த்திவிடுவார். நான் சோம்பேறித்தனமாகப் பெயர் வைத்தால், “ஒன் புள்ளைக்கு ‘புள்ளை டூ’ன்னு பேரு வைப்பியா?” என்று கேட்பார்.

லைனில் இருந்து வந்தவர் என்பதால், ஆபீஸில் யாரும் கவனிக்காத ஒன்று அவர் கண்ணில் பட்டது. எங்களிடம் நாற்பது தாண்டிய தோட்டத்துப் பெண்கள் நிறைய. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, அதன்பின் வேலை. மலாய் சரளமாகப் பேசுவார்கள். அடுக்கடுக்காக எழுதிய இயந்திர மலாயைப் படிப்பது வேறு விஷயம். ஒருநாள் அவர்களில் ஒருவரான, வெட்டும் இயந்திரத்தில் நிற்கும் இராசாத்தி அக்கா பத்து விநாடியில் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்தார்.

“அக்கா, படிச்சீங்களா?” என்று கேட்டார் குணசுந்தரி அக்கா.

“படிக்கிற மாதிரி பாத்தேன் லா,” என்றார் இராசாத்தி அக்கா. இருவரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்துதான் குணசுந்தரி அக்கா பாடங்களைத் தமிழில் எழுத ஆரம்பித்தார். மதிய உணவு நேரத்திலும் வீட்டிலும் தட்டச்சு செய்து, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் மூன்றாவதாக ஒரு தமிழ்க் கோப்பு சேர்த்தார். இரண்டு வருடத்தில் முப்பத்தேழு பாடம். எங்கள் மேலாளர் புவனேஸ்வரன் பார்த்துவிட்டு, “நல்லதுதான், ஆனா ஆபீஷியல் இல்ல, என்னைக் கேக்காதீங்க,” என்று போய்விட்டார். இராசாத்தி அக்கா மட்டும் ஒரு பாடத்தைக்கூட விடவில்லை. தமிழில் உட்கார்ந்து படிப்பார். பச்சைக் குறிக்காக மலாய்க் கோப்பைத் திறந்து பொத்தானை அழுத்திவிட்டுப் போவார். ஏனென்றால் பொத்தான் அதில்தான் இருந்தது.

சென்ற வருடம் வெட்டும் இயந்திரத்தில் ஒரு பாகத்தை மாற்றினார்கள். அதற்கு முன், ரப்பர் சிக்கினால் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை விடலாம். மாற்றிய பிறகு அது போதாது. காற்றுக் குழாயின் வால்வையும் மூடி, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் காற்று கத்தியை இன்னொரு முறை இறக்கிவிடும். புதிய மலாய்ப் பாடமும் ஆங்கிலப் பாடமும் வந்த அன்றே அக்கா மாற்றிவிட்டார். தமிழ்ப் பாடத்தை அவரே எழுத வேண்டியிருந்தது. மறுநாள் ஷீலாவைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க ஜோகூருக்குப் போனார். மூன்று நாள் விடுப்பு. திரும்பி வந்தபோது மேசையில் தணிக்கை வேலை குவிந்து கிடந்தது. தமிழ்க் கோப்பு நினைவிலிருந்து நழுவிவிட்டது. பழையதை நகர்த்தி வைக்காமல் விட்டதும் அந்த ஒருமுறைதான்.

பாகத்தை மாற்றிய ஒன்பதாவது நாள் இராசாத்தி அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆட்காட்டி விரலும் நடுவிரலும்.

மறுநாள் காலை குணசுந்தரி அக்கா கணினியைத் திறந்தார். யார் எந்தக் கோப்பை எப்போது எவ்வளவு நேரம் திறந்தார்கள் என்ற பதிவு அதில் இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தவர், என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். இராசாத்தி அக்கா அந்தத் தமிழ்ப் பாடத்தை அந்த ஒன்பது நாளில் மூன்று முறை படித்திருக்கிறார். கடைசியாகப் படித்தது விபத்து நடந்த அன்று காலை, பதினெட்டு நிமிடம். அக்கா அந்தத் தமிழ்க் கோப்பைத் திறந்து பார்த்தார். “அதுல வால்வு இல்லடி,” என்றார்.

நிர்வாகத்துக்கு வேறொரு பதிவு கிடைத்தது. புதிய மலாய்ப் பாடத்தை இராசாத்தி பதினொரு விநாடி திறந்தார், புரிந்தது என்று அழுத்தினார். முடிந்தது கதை. படிக்காமலே கையை விட்டவள் என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சு பரவி அவர் வீடு வரை போனது. வியாழக்கிழமை உள்விசாரணை வைத்தார்கள். விதியை மீறினார் என்று முடிவானால் வேலை போய்விடும்.

செவ்வாய்க்கிழமை புவனேஸ்வரன் எங்கள் மேசைக்கு வந்தார்.

“குணா, அந்தத் தமிழ் ஃபோல்டர எடுத்துருங்க. அனுமதி இல்லாம வச்சது. விசாரணைக்கு முன்னாடி போயிட்டா யாருக்கும் பிரச்சனை இல்ல.”

“இராசாத்தி அக்காவுக்கு, பாஸ்?”

“அவங்க மலாய்ல ஃபாஹாம் அமுக்கிட்டாங்களே.”

கோப்புறையை அழித்தால் அதைத் திறந்தவர்களின் பதிவும் கூடவே போய்விடும். அது எங்கள் மூவருக்கும் தெரியும். அவர் போனதும் நான் சொன்னேன்: “அழிச்சிருங்கக்கா. ஷீலா இப்பதான் சேர்ந்திருக்கா. நீங்க வேலைய விட்டுட்டு என்ன செய்வீங்க?” அக்கறையில் சொன்னதாக அன்று என்னை நானே நம்ப வைத்தேன். உண்மையில் எனக்குப் பயம். பக்கத்து மேசை பற்றினால் என் மேசையும் பற்றும் என்ற பயம். அக்கா என்னைத் திட்டவில்லை. “அவங்க படிச்சாங்கன்னு சொல்ல இந்த உலகத்துல இது ஒன்னுதான் இருக்கு, ரமணி,” என்று மட்டும் சொன்னார்.

விசாரணை மலாயில் நடந்தது. தலைமை தாங்கியவர், பாடத்தைப் படித்தீர்களா என்று கேட்டார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, படித்தேன் என்றார் இராசாத்தி அக்கா. பதினொரு விநாடியிலா என்று அவர் திருப்பிக் கேட்டார். யாரோ ஒருவர் லேசாகச் சிரித்தார். எனக்கு இன்றைக்கும் அந்த ஆளை அறைய வேண்டும் போல் இருக்கிறது. இராசாத்தி அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது குணசுந்தரி அக்கா எழுந்து, அச்செடுத்த பதிவை மேசையில் வைத்தார். இவர் படித்தது தமிழ்ப் பாடம், மூன்று முறை படித்தார், அதில் சொன்னபடியே செய்தார், பாடம் பழையது, மாற்றத் தவறியது நான் என்று மென்று முழுங்காமல் சொன்னார். மேலாளருக்குத் தமிழ்ப் பாடங்கள் பற்றித் தெரியுமா என்று கேட்டதற்குத் தெரியும் என்றார். புவனேஸ்வரன் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இராசாத்தி அக்காவின் வேலை தப்பியது. குணசுந்தரி அக்காவுக்குக் கடைசி எச்சரிக்கைக் கடிதம். கணினியிலிருந்து அவரை நீக்கி, லைனில் வளையம் சோதிக்கும் வேலைக்கு அனுப்பினார்கள், அதே கெட்டுப்போன மணிக்கட்டோடு. அவர் இடம் எனக்கு வந்தது. தமிழ்ப் பாடங்கள் அனைத்தையும் நீக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. ஒவ்வொன்றாக முப்பத்தேழையும் நீக்கியது இந்தக் கைதான். மாற்றாக அதிகாரபூர்வத் தமிழ்ப் பாடம் வரும் என்றார்கள். இதை எழுதும்வரை வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அக்காவும் நானும் என் காரில் இராசாத்தி அக்கா குடியிருந்த திகாம் பத்துவுக்குப் போனோம். கதவைத் திறந்தவர் இராசாத்தி அக்காவின் கணவர் பக்கிரிசாமி, செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுபவர். உட்காரச் சொன்னார். இராசாத்தி அக்கா சாப்பாட்டு மேசையில் இருந்தார். எழுந்திருக்கவில்லை.

“தப்பு என்னோடதுக்கா,” என்றார் குணசுந்தரி அக்கா.

“தெரியும். கூட்டத்துல சொன்னியே.”

“மன்னிச்சிருங்கக்கா.”

“முடியல, குணா. சோத்தைப் பெசைஞ்சு திங்க முடியல. ஒன்ன எப்படி மன்னிக்கிறது?”

அக்கா அழுதார். அவர் கண்ணைத் துடைத்ததும் இராசாத்தி அக்கா சொன்னார்.

“கம்பெனி சூராட் அனுப்பியிருக்கான். அந்தக் கடுதாசில நடவடிக்கை இல்லைன்னு மட்டும் போட்டிருக்கான். நான் படிச்சேன்னு எங்கயும் போடல. இந்த மனுசன், ஒழுங்கா படிச்சிருந்தா வெரல் இருந்திருக்கும்னு தெனம் சொல்றாரு. நீ தமிழ்ல எழுதிக் குடு.”

பக்கிரிசாமி அண்ணன் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொண்டு வந்தார். அக்கா எழுதி, தாளைக் கிழித்து நீட்டினார். இராசாத்தி அக்கா இடது கையால் வாங்கி, உதடு அசையப் படித்தார்.

“மூணு தடவைன்னு போடு.”

அக்கா சேர்த்து எழுதினார். இராசாத்தி அக்கா மறுபடி முதலிலிருந்து படித்துவிட்டு, அதைக் கணவரிடம் கொடுத்தார்.

“சத்தமா படி.”

“இராசாத்தி பாடத்தை மூன்று முறை படித்தார். அதில் எழுதியிருந்தபடியே செய்தார். தவறு பாடத்தில்…” பக்கிரிசாமி அண்ணன் தாளைக் கீழே இறக்கிவிட்டார்.

“முழுசா படி,” என்றார் இராசாத்தி அக்கா.